அகுவேரோவும் எங்கள் பதினாறாம் நம்பரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து ஆடுகிற செட்டு எங்களுடையது. பாதிப் பேர் பனியன் கம்பெனி: ஒரு கட்டிங் மாஸ்டர், செக்கிங்கில் இரண்டு பேர், ஒரு மெர்ச்சண்டைசர். மீதி ஆட்டோ டிரைவர், மெடிக்கல் கடைக்காரர், காலேஜ் பையன்கள். ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் செர்ஜியோ அகுவேரோவிடம் வந்துதான் நிற்கும். அவர் ஆட்டத்தை நிறுத்தியது 2021 டிசம்பரில். இன்னும் எங்களுக்கு அந்தப் பேச்சு ஓயவில்லை. புதிதாகச் சேரும் பையன்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாராவாரம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்ணா, யாருங்க இந்த அகுவேரோ?

இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்டபோது எனக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்தது.

அர்ஜென்டினாக்காரர், 1988 ஜூன் 2ஆம் தேதி பிறந்தவர். பதினைந்து வயதில் அங்கே இன்டிபென்டியன்டே கிளப்பின் பெரியவர்கள் அணியில் இறங்கி, அர்ஜென்டினாவின் முதல் டிவிஷனில் ஆடிய மிக இளையவர் என்று மரடோனா வைத்திருந்த சாதனையை உடைத்தார். அங்கிருந்து அட்லெடிகோ மாட்ரிட், 2011இல் மான்செஸ்டர் சிட்டி. சிட்டியில் பத்து வருடம், 390 ஆட்டம், 260 கோல். அதில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் மட்டும் 184. அப்போது வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் அவ்வளவு அடித்ததில்லை. முகமது சலா அதைத் தாண்டியது 2025இல்.

ஆள் உயரமில்லை. ஆனால் கனத்த தொடை, தரையோடு ஒட்டிய ஓட்டம். டிஃபெண்டர் தள்ளினால் தள்ளியவன்தான் நகருவான். பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வந்தால் ஒரு தட்டு, அடுத்தது அடி. யோசிக்கிற நேரம் நடுவில் இருக்காது. 2015 அக்டோபரில் நியூகாசிலுக்கு எதிராக இருபது நிமிடத்தில் ஐந்து கோல் அடித்தார். அன்று நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குள் மூன்று முடிந்திருந்தது.

2012 என்றாலே ஏன் எல்லோரும் சிரிக்கிறீர்கள்?

அது மே 13, ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம். சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் புள்ளியில் சமம். கோல் வித்தியாசத்தில் சிட்டி முன்னே. ஆகவே க்யூபிஆர் என்ற, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த அணியைச் சொந்த மைதானத்தில் ஜெயித்தால் கோப்பை. 1968க்குப் பிறகு சிட்டிக்கு லீக் சாம்பியன் பட்டம் கிடையாது, 44 வருடம். சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சிட்டியின் ஸபலேடா ஒரு கோல் போட்டதும் மிக்சர் பாக்கெட்டையே பிரித்துவிட்டோம். அப்புறம் க்யூபிஆர் ஒன்று போட்டது. அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு ஆடி இன்னொன்றும் போட்டார்கள். 1-2.

நம் ஊரில் அந்த வருடக் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேளுங்கள், அவர் இன்னும் திட்டுவார். பகலில் துணி தைக்கிற பவர் டேபிள் ஓடாது, ராத்திரியில் ஃபேன் ஓடாது. அன்றைக்கு ஒன்பது பேர் ஒரே அறையில் இருந்தோம். எண்பத்தைந்தாம் நிமிடமோ என்னவோ, டிவி அணைந்தது.

எங்கள் பதினாறாம் நம்பர் (அவனைப் பற்றிக் கீழே வருகிறது) சென்னையில் இருந்த சித்தப்பா பையனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அங்கே கரண்ட் இருந்தது, அது வேறு எரிச்சல். அந்தப் பையன் கிரிக்கெட் பார்க்கிறவன். கால்பந்தில் எந்தப் பக்கம் எவனுடையது என்றுகூடத் தெரியாது. "நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் தலையால முட்டிட்டான்" என்றான். அது ஜெகோ, 92ஆம் நிமிடம், 2-2. அறைக்குள் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு நிமிடம் கழித்து போனில் ஒரே கூச்சல். "யாரோ அடிச்சுட்டான்!" "யார்றா அது, நம்பர் என்ன?" "நம்பர் தெரியலை, சட்டையே இல்லை. கழட்டிச் சுத்திட்டு ஓடறான்!"

93 நிமிடம் 20 நொடி. பலொடெல்லி கீழே விழுந்துகொண்டே தள்ளிவிட்ட பந்து, அகுவேரோவின் வலது கால். உலகம் முழுக்கப் பார்த்த கோலை நாங்கள் இருட்டில், சட்டையில்லாத யாரோ ஒருவனுடைய கோலாகத்தான் கேட்டோம். கரண்ட் வந்தபோது மணி பத்தரை.

சரி, அவர் ஏன் நிறுத்தினார்?

2021 கோடையில் சிட்டியை விட்டு பார்சிலோனா போனார். முதலில் கெண்டைக்கால் காயம். அது ஆறி இறங்கிய கொஞ்ச நாளில் அக்டோபர் 24ஆம் தேதி ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இஞ்சுரி டைமில் ஒரு கோல். ஆட்டம் தோல்விதான், ஆனால் ஆள் திரும்பிவிட்டார் என்று நாங்கள் துள்ளினோம். பார்சிலோனாவுக்காக அவர் அடித்த ஒரே கோல் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 30, அலவேஸுடன் ஆட்டம். நமக்கு நடுராத்திரி தாண்டியிருந்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருந்ததால் போனஸ் வாங்கிய சந்தோஷத்தில் நிறையப் பேர் விழித்திருந்தோம். முதல் பாதி முடிகிற நேரத்தில் அகுவேரோ கழுத்தையும் நெஞ்சையும் பிடித்துக்கொண்டார். யாரும் இடிக்கவில்லை, யாரும் காலை வாரவில்லை. தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தார், எழுந்து தானே நடந்து வெளியே போனார். நடந்துதானே போகிறார் என்று நாங்கள் தூங்கப் போய்விட்டோம்.

இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை என்று தெரிந்தது. மூன்று மாதம் ஆட முடியாது என்று கிளப் அறிவித்தது. அந்த மூன்று மாதம் முடியவே இல்லை. டிசம்பர் 15ஆம் தேதி பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார். உடல்நலத்துக்காக எடுத்த முடிவு என்றார். முந்தின நாள்தான் கோச் குவார்டியோலாவின் சிட்டி லீட்ஸை 7-0 என்று அடித்திருந்தது. மறுநாள் குவார்டியோலா கேம்ப் நூவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அகுவேரோவுக்கு அப்போது வயது 33. நெஞ்சைப் பிடித்த ராத்திரியில் இருந்து அந்த அறிவிப்பு வரை 46 நாள். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயத் துடிப்புக் கோளாறு என்றால் ஹார்ட் அட்டாக்தானே?

இல்லை. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: பம்ப்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் அடைத்துத் தண்ணீர் வராவிட்டால் அது ஒரு பிரச்சினை. குழாயும் மோட்டாரும் நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டரில் கரண்ட் தாறுமாறாக வந்து மோட்டார் விட்டு விட்டு ஓடினால் அது வேறு பிரச்சினை. முதலாவது மாரடைப்பு, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு. இரண்டாவதுதான் இது. இதயத்தின் மேல் அறையில் பிறக்கிற சிறு மின்துடிப்பு ஒரு வழியாக இறங்கி முழு இதயத்தையும் ஒழுங்காகச் சுருங்க வைக்க வேண்டும். அந்த வழி குழம்பினால் துடிப்பு தப்பும், ஓடும், சில சமயம் நின்றும் போகும்.

எல்லாத் துடிப்புக் கோளாறும் ஆபத்தானதும் இல்லை. சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்குத் தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய்த் தப்பான மின்வழியைச் சுட்டு அடைத்துவிடுகிறார்கள். ஆனால் அகுவேரோ பார்த்த ஸ்ட்ரைக்கர் வேலை, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற வேலை என்பது நின்று, நின்று, திடீரென்று முழு வேகத்தில் பாய்வது. அட்ரினலின் ஏறுகிற அந்த நொடிதான் சில இதயங்களுக்கு மோசமான நொடி.

எரிக்சன் திரும்பி வந்தாரே. இவர் ஏன் வரவில்லை?

டீக்கடையில் அதிகம் சண்டை வருகிற கேள்வி இது. 2021 ஜூன் 12, யூரோ கோப்பை, கோபன்ஹேகனில் பின்லாந்துடன் ஆட்டம். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். இதயமே நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். உடம்புக்குள் ஒரு சின்ன டிஃபிப்ரிலேட்டர் கருவி வைத்தார்கள்; துடிப்பு தப்பினால் அதுவே ஷாக் கொடுக்கும். இத்தாலியில் அந்தக் கருவியோடு ஆட விடமாட்டார்கள் என்பதால் இன்டர் மிலனை விட்டு விலகினார். 2022 பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடினார், 2024 யூரோவில் கோலும் அடித்தார்.

ஆகவே, "செத்துப் பொழச்சவனே வந்துட்டான், இவனுக்கென்ன" என்று எங்களில் ஒருவர் ஒருநாள் சொன்னார். தப்பான கணக்கு. விழுந்த மாதிரியை வைத்து நோயை அளக்க முடியாது. ஒருவருக்குக் கருவி வைத்தால் ஆடலாம் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். இன்னொருவர் நடந்து வெளியேறியிருக்கலாம், ஆனால் அவருடைய இதயத்துக்கு அந்தப் பாய்ச்சல் ஆகாது. ஒரே நூலில் நெய்த துணி என்றாலும் ஒரு லாட் சாயம் பிடிக்கும், ஒரு லாட் பிடிக்காது. இது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் அஞ்சு வருசம் ஆடியிருக்கலாமே? வீணாப் போச்சுங்களே?

மார்க்-விவியன் ஃபோ என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். கேமரூன்காரர். 2002-03 சீசனில் சிட்டிக்கு ஆடியவர். சிட்டி தன் பழைய மைதானமான மெய்ன் ரோட்டில் அடித்த கடைசிக் கோல் அவருடையது. 2003 ஜூன் 26ஆம் தேதி பிரான்சின் லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் நடு மைதானத்தில் சரிந்தார். எழவில்லை. வயது 28. பரிசோதனையில் இதயத் தசை தடித்துப் போகிற நோய் இருந்தது தெரிந்தது. அவருடைய 23ஆம் எண்ணைச் சிட்டியில் அதன்பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

அகுவேரோ நிறுத்தியபோது பழைய சிட்டி ரசிகர்களிடம் "ஐயோ போச்சே" என்ற குரலைவிட "நல்லவேளை" என்ற குரல் அதிகமாகக் கேட்டது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. "சீக்கிரம்" என்பது நாம் போடுகிற கணக்கு. இன்னும் எத்தனை கோல், எத்தனை ராத்திரி, எத்தனை மிக்சர் பாக்கெட். அந்த உடம்பு போட்ட கணக்கு வேறு.

இதை நான் ஏதோ பெரிய மனிதன் போல எழுதுகிறேன். அந்த டிசம்பரில் "திரும்ப வாங்க தலைவா" என்று நானும்தான் ஸ்டேட்டஸ் போட்டேன்.

பார்சிலோனா போனது தப்பா?

மெஸ்ஸியோடு ஆடத்தான் போனார். அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மெஸ்ஸி பாரிஸ் கிளம்பிவிட்டார். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு எழுத எனக்கு மனசில்லை.

இப்படி சீக்கிரமே நிறுத்திய வேறு ஸ்ட்ரைக்கர்கள் உண்டா?

உண்டு. எரிக் கான்டோனா 1997இல் முப்பது வயதில், எந்தக் காயமும் இல்லாமல், போதும் என்று போய்விட்டார். அது வேறு வகை, அதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

ஜுஸ்ட் ஃபொன்டேன், பிரான்ஸ். 1958 உலகக் கோப்பையில் ஆறு ஆட்டத்தில் 13 கோல். இன்று வரை ஒரே உலகக் கோப்பையில் அவ்வளவு யாரும் அடித்ததில்லை. அதுவும் கூட ஆடியவரிடம் இரவல் வாங்கிய பூட்டில். (நம் பையன்கள் இனி இரவல் பூட்டைக் குறை சொல்லக்கூடாது.) கால் எலும்பு இரண்டு தடவை முறிந்து 1962இல் 28 வயதோடு முடிந்தது.

எனக்கு அதிகம் வலிப்பது நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். 1988 யூரோ இறுதியில் சோவியத் யூனியனுக்கு எதிராக, கோல் கோட்டோடு ஒட்டிய கோணத்தில், இறங்கி வந்த பந்தைத் தரையில் விழ விடாமல் அடித்தாரே, அந்த கோலைப் பார்க்காதவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அது மியூனிக்கின் ஒலிம்பிக் மைதானம். அதே மைதானத்தில்தான் 1993 மே 26ஆம் தேதி அவர் கடைசியாக ஆடினார், மிலனுக்காக, மார்சேய்க்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி. வயது 28. சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அதற்குள் மூன்று தடவை வாங்கிவிட்டார். கணுக்கால் தேய்ந்திருந்தது. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக இரண்டு வருடம் திரும்பி வரப் பார்த்து, 1995 ஆகஸ்டில் ஒத்துக்கொண்டார். சாதாரண உடையில் சான் சிரோ மைதானத்தைச் சுற்றிக் கையசைத்தபோது கோச் கபெல்லோ அழுதார். அகுவேரோவுக்கு 46 நாள், வான் பாஸ்டனுக்கு இரண்டு வருடம். எது கொடுமை என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

நம்ம பக்கம் ஃபுட்பாலெல்லாம் யாருங்க பாக்கறாங்க?

2019 மார்ச் 9ஆம் தேதி கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு வந்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். பெயர் சென்னை சிட்டி, ஆனால் ஆடியது கோவையில். ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் கோப்பை, எதிரில் மினர்வா பஞ்சாப். திருப்பூரில் இருந்து பஸ் ஏறிப் போனோம். முதல் சில நிமிடங்களிலேயே ஒரு கோல் வாங்கினார்கள். எங்களுக்கு 2012 ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு போட்டார், 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் தாண்டி சாம்பியன்.

மான்ஸி அந்த சீசனில் 21 கோல். டிவியில் ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் அடிக்கிறவன். பத்தடி தள்ளிப் பார்த்தால் அடி வாங்குகிறவன். முழங்கை, விலா, கெண்டைக்கால் என்று தொண்ணூறு நிமிடமும் வாங்கினார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

யாருங்ணா அந்தப் பதினாறாம் நம்பர்?

சிட்டியில் முதல் நான்கு வருடம் அகுவேரோ போட்டது 16. பத்தாம் நம்பர் அப்புறம்தான். 2012 கோப்பைக்குப் பிறகு எங்கள் செட்டுக்கு ஜெர்சி அடித்தோம். வெளிர் நீலத் துணி கிடைக்காமல் ஏதோ எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய அடர் நீலத்தில், தெரிந்த பட்டறையில் ராத்திரி நேரத்தில் நம்பர் ஒட்டினோம். எங்கள் ஸ்ட்ரைக்கர் 16 கேட்டான், யாரும் மறுக்கவில்லை. அவனுடைய கோலை நம்பித்தான் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம், தோற்கிறவர்கள்தானே காசு கொடுக்க வேண்டும்.

2023இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். கோல் கம்பத்தைப் பிடித்து உட்கார்ந்தான். "ஒன்னுமில்ல, சித்த இருங்க" என்றான். முந்தின நாள் ஒன்றரை ஷிப்டு பார்த்திருந்தான். நாங்கள் என்ன செய்தோம்? "கேஸ்டா, சோடா குடி" என்றோம். அகுவேரோ நெஞ்சைப் பிடித்த வீடியோவை நூறு தடவை பார்த்த கூட்டம். மூன்று வாரம் கழித்து மயங்கி விழுந்தான். கோயமுத்தூர் கூட்டிப் போனோம். ஈசிஜி, எக்கோ, இருபத்து நாலு மணி நேரம் உடம்பில் மாட்டியே வைத்திருக்கிற ஹோல்டர். நடக்கலாம், வேலை பார்க்கலாம், இந்த ஓட்டம் மட்டும் வேண்டாம் என்றார்கள். அப்போது அவனுக்கு 34.

அவன் அதை ஒத்துக்கொள்ள எட்டு மாதம் ஆனது. அதில் பாதிப் பழி எங்கள் மேல். வாராவாரம் யாராவது போன் போட்டு "எப்ப வர்றே, டீமே சப்புனு இருக்குது" என்போம். அன்பில்தான் கேட்டோம். ஒருநாள் போனை அவன் வீட்டம்மா எடுத்தார். "ஏனுங்ணா, எப்ப ஆட வருவாருன்னு எல்லாரும் கேக்கறீங்க. எப்படி இருக்கறாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

பிறகு அவனே சொன்னான், அந்த கேம்ப் நூ வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாக. எங்களுக்கு அதில் அழுகைதான் தெரிந்தது. அவன் வேறொன்றை எண்ணியிருக்கிறான். "நாப்பத்தாறே நாள்டா. அவ்வளவு காசு, அவ்வளவு பேரு இருக்கறவன் நாப்பத்தாறு நாள்ல முடிவெடுத்துட்டான். ஞாயித்துக்கெழம ஆட்டத்த விடறதுக்கு எனக்கு எட்டு மாசம்."

எங்களுக்கும் ஆடும்போது சில சமயம் படபடப்பு வருதுங்களே?

ஓடினால் படபடக்கத்தான் செய்யும். நின்ற பிறகும் அடங்காமல் தாறுமாறாக அடித்தால், ஓட்டத்தின் நடுவே தலை சுற்றினால், மயங்கினால், நெஞ்சு வலித்தால், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சோடா மருந்தில்லை. காய்ச்சலோடு ஆட வராதீர்கள். காய்ச்சல் கிருமி இதயத் தசையையும் தாக்கலாம்.

ஒருவன் விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், சரியாக மூச்சும் விடாவிட்டால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒருவர் 108க்கு அடிக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்குகிற அளவுக்கு அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை. களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். எரிக்சன் பிழைத்தது அந்த முதல் சில நிமிடத்தில் சுற்றி இருந்தவர்களால்தான். மாதம் ஒருமுறை ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தலையணை வைத்துப் பழகுகிறோம். தலையணை கொண்டுவருகிற முறை ஒவ்வொரு வீடாக மாறும், நழுவாதீர்கள்.

2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா ஜெயித்தபோது அவருக்கு வருத்தமாக இருந்திருக்காதா?

லுசைல் மைதானத்தில் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தோளில் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு நடப்பவர் அகுவேரோ. "இவ்வளவு வெயிட்டத் தூக்கலாமா, டாக்டரு சொன்னாரா?" என்று எங்கள் மெடிக்கல் கடைக்காரர் கவலைப்பட்டார்.

அந்தப் பதினாறாம் நம்பர் ஜெர்சி இப்ப யாருக்குங்க?

காலேஜ் பையன்களில் இரண்டு பேர் இதற்காகவே டீ வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது யாருக்கும் இல்லை என்று நாங்கள் பெரிதாகப் பேசி முடித்திருந்தோம், சிட்டி ஃபோவின் எண்ணை வைத்திருக்கிற மாதிரி. போன மாதம் அவனே துவைத்து அயர்ன் போட்டுக் கொண்டுவந்தான். இப்போது அவன் விசில் ஊதுகிறான், ஆஃப்சைடு தெரியாமல் திட்டு வாங்குகிறான். "நான் செத்தா போயிட்டேன், எவனாச்சும் போட்டு ஆடுங்கடா" என்று கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் பதினோரு வருடத் துவையலில் ஆறு உரிந்து போயிருக்கிறது, முதுகில் ஒன்று மட்டும்தான் மிச்சம். ஒன்றாம் நம்பர் தன்னுடையதுதானே என்று கோல்கீப்பர் கேட்கிறார்.